ஜெனரலின் இரண்டாம் பாகம்

பழைய தோல் அட்டைப் புத்தகங்களை வெயிலில் காயவைக்கக் கூடாது. நிறையப் பேர் அந்தத் தப்பைச் செய்கிறார்கள். தோல் சுருங்கி, முதுகு பிளந்துவிடும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், பக்கங்களை விரித்து நிறுத்திவைக்க வேண்டும். வேப்பிலையை நேராகப் பக்கங்களுக்குள் செருகுவதும் தப்பு, கறை பிடிக்கும். துணியில் முடிந்து அலமாரி மூலையில் போட்டால் போதும். உங்கள் மேஜையில் அந்த இரண்டு புத்தகங்களையும் ஜன்னல் வெயில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். அதனால்தான் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் பெயர் தேவநேசன். ராஜபாளையத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். இதை எழுதிக்கொண்டிருக்கிற உங்கள் ஏட்டு காளிராஜ் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். என்னைக் கூட்டி வந்தபோது எழுந்து நின்றான். அந்த மரியாதை இன்னும் மிச்சமிருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். காளிராஜ், கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது. உன் கையெழுத்து அன்றைக்கும் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் இருக்கும்.

மம்சாபுரம் தோப்பு வீட்டில் நீங்கள் பார்த்த உடல் என் அக்கா இன்பத்தினுடையது. அவள் எப்படிச் செத்தாள் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் இந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

எங்கள் அப்பா இந்த ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் ஹெட்மாஸ்டராக இருந்தார். கடைசி வெள்ளைக்கார மிஷனரி ஊரைவிட்டுப் போனபோது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். மற்றவர்கள் கட்டிலும் கண்ணாடி அலமாரியும் எடுத்தார்கள். அப்பா இந்த இரண்டு பாகங்களை எடுத்து வந்தார். ஜெனரல் ஹால்டனின் வாழ்க்கை வரலாறு. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் லண்டனில் அச்சானது. எழுதியவர் ஜெனரலிடம் உதவி அதிகாரியாக இருந்தவர். சிவப்புத் தோல் அட்டை, நடுநடுவே மடித்துவைத்த கோட்டை வரைபடங்கள். சாயங்கால ஜெபம் முடிந்ததும் அப்பா ஒரு வாக்கியம் இங்கிலீஷில் வாசிப்பார், அதையே தமிழில் சொல்வார். அக்காவும் நானும் பாயில் உட்கார்ந்து கேட்போம். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டாள். எனக்குத் தலை வாரிவிட்டு, பொத்தான் தைத்துக் கொடுத்து, காய்ச்சலில் பக்கத்தில் படுத்து வளர்த்ததெல்லாம் அக்காதான். அதை நான் மறுக்கவில்லை.

ஹால்டன் பெரிய ஆள். தெற்கே மலைக்கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே வந்தவர். பீரங்கியைச் சத்தத்துக்காக மட்டும்தான் கூட்டிக்கொண்டு போனார். கோட்டையைச் சுடமாட்டார். அதற்குத் தண்ணீர் வரும் வழியைப் பிடித்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். கூடாரத்துக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு, மதிலைப் பார்த்தபடி டீ குடிப்பார். அவருடைய ஆட்கள் யாருக்கும் நகத்தில்கூடக் கீறல் விழாது. மற்ற பையன்கள் வாளோடு குதிரையில் பாய்கிற ராஜாக்களை விரும்பினார்கள். எனக்கு அந்த நாற்காலியைத்தான் பிடித்திருந்தது.

முதல் பாகம் கரட்டுமலைக் கோட்டையில் முடிகிறது. மாதக்கணக்கில் முற்றுகை. ஒருநாள் காலையில் மதில்மேல் வெள்ளைக்கொடி ஏறுகிறது. அதிகாரிகள் குதிரைகளுக்குச் சேணம் போடுகிறார்கள். ஜெனரல் கையை உயர்த்தி நிறுத்துகிறார். முதல் கொடியை நம்பக் கூடாது, அது தந்திரத்துக்காக ஏற்றுகிற கொடி என்கிறார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்கிறார். அதோடு முதல் பாகம் முடிந்தது.

அந்தக் கோடை விடுமுறையில் நானும் ஒரு முற்றுகை நடத்தினேன். கோழிக்குஞ்சுகளைப் பஞ்சாரக் கூடைக்குள் அடைத்து, முற்றத்து வெயிலில் வைத்து, மேலே ஒரு கல்லை ஏற்றினேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். குஞ்சுகள் முதலில் நிறையக் கத்தின, பிறகு குறைவாகக் கத்தின. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்த அக்கா பார்த்துவிட்டாள். குடத்தைக் கீழே போட்டாள், கல்லைத் தள்ளினாள், பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டாள். இரண்டு குஞ்சுகள்தான் செத்திருந்தன. அப்பாவிடமும் சொல்லிவிட்டாள். அப்பா அடிக்கவில்லை. என்னை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் இரண்டாம் பாகம் தொடங்க வேண்டும். அவர் தொடங்கவில்லை. கண் வலி என்றோ என்னவோ சொன்னதாக ஞாபகம். இரண்டாம் பாகத்தை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த வாசிப்பு நடக்கவே இல்லை.

அப்பா இறந்ததும் பங்கு பிரித்தார்கள். எங்கள் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். பங்கு என்று உட்கார்ந்துவிட்டால் எதையும் முழுதாக விடமாட்டார்கள். ஒரு ஜோடி மாடு இருந்தால் ஆளுக்கு ஒன்று. ஒற்றை மாட்டை வைத்து எவன் உழுவான் என்று யாரும் கேட்பதில்லை. தோப்பும் கிணறும் எனக்கு, தோப்புக்கு நடுவிலே இருக்கிற வீடு அக்காவுக்கு என்று முடிவானது. பாத்திரம் பண்டமெல்லாம் முடிந்து, கடைசியில் பெரியப்பா இந்த இரண்டு புத்தகங்களையும் கைக்கு ஒன்றாகத் தூக்கி எடை பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கனம்தான் இருக்கு. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க. மூத்தவ நீ சொல்லும்மா, எது வேணும்?"

"எனக்கு ரெண்டாவது" என்றாள் அக்கா. யோசிக்கக்கூட இல்லை.

ஒரே கதையை நடுவில் வெட்டி ஆளுக்குப் பாதி கொடுக்கிறீர்களே என்று நான் சொல்லியிருக்கலாம். அங்கே இருந்தவர்களுக்கு அது புரிந்திருக்காது. முதல் பாகத்தை வாங்கிக்கொண்டேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அதையே வாசித்துக்கொண்டிருந்தேன். ஜெனரல் காத்திருக்கிறார் என்ற கடைசி வரியோடு நானும் காத்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி இறந்து, மகன் ஜோ பெங்களூருக்குப் போய், எனக்கும் ஓய்வு வந்த பிறகு நேரம் நிறைய இருந்தது. இந்த வருடம் ஜனவரியில், புது வருட ஆராதனை முடிந்த கையோடு தோப்பு வீட்டுக்குப் போனேன். அக்கா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முழங்கால் தேய்ந்துபோய் வாக்கர் பிடித்துத்தான் நடப்பாள். துணைக்குப் பஞ்சு என்று ஒரு வெள்ளை நாய், நம் ராஜபாளையத்து வகை. மம்சாபுரத்திலிருந்து மாரிச்செல்வி தினமும் வந்து வீட்டு வேலை பார்ப்பாள். அக்கா கேக் கொடுத்தாள், காப்பி கொடுத்தாள். நான் கேட்டேன்.

"அக்கா, அந்த ரெண்டாம் பாகத்தக் குடு. வாசிச்சிட்டுத் தாரேன்."

"தாராளமா. ஆனா நான்தான் வாசிப்பேன், நீ பக்கத்துல உக்காந்து கேக்கணும். அப்பா வாசிச்ச மாதிரி. தெனமும் சாயங்காலம் வா. நாள் ஒண்ணுக்கு ஒரு அதிகாரம்."

"ஏன், எனக்கு இங்கிலீசு தெரியாதா?"

"அதுக்கில்லலே. அப்பாகிட்ட வாக்கு குடுத்திருக்கேன். அவன் இதத் தனியா வாசிக்கக் கூடாது, பக்கத்துல நீ இருக்கணும்னு சொன்னாவ. தனியா வாசிச்சா கிழிச்சிப் போட்டுருவான்னு சொன்னாவ." அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். "தலை எம்புட்டு நரைச்சிட்டு, இன்னும் கதைக்கு அலையுதான் பாரு."

அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை. அதையும் நான் சொல்லிவிட வேண்டும். ஆனால் சிரித்தாள். நாற்பது பையன்களை ஒரே பார்வையில் உட்காரவைத்தவன் நான். சம்மணம் போட்டு உட்கார்ந்து கதை கேட்க வா என்று என்னைக் கூப்பிட்டாள்.

ஜோவிடம் ஃபோனில் பேசும்போது இதைச் சொன்னேன். அவன் அதற்கு, "எதுக்குப்பா அத்தைகிட்ட சண்ட? இந்த மாதிரிப் பழைய புக்கெல்லாம் நெட்ல சும்மாவே கெடக்கும்" என்றான். மறுநாளே தேடி எடுத்தும்விட்டான். முழு இரண்டாம் பாகமும் கிடைத்துவிட்டது, ஃபோனுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் இப்படிப் பார்க்கிறீர்கள், சார். ஒரு கோட்டையின் படத்தைப் பார்ப்பதும் அதன் வாசல் வழியாக உள்ளே போவதும் ஒன்றாகுமா?

மாசி மாதக் கடைசியில் தண்ணீரை நிறுத்தினேன். கிணறு என்னுடையது, மோட்டார் என்னுடையது. அக்கா வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்குப் போகிற குழாயின் வால்வை மூடுவதற்கு நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சாயங்காலம் அக்கா ஃபோன் செய்தாள்.

"ஏலே, தொட்டில தண்ணி ஏறல. மோட்டார் ரிப்பேரா? நீ கை வைக்காத, கரண்டு கிரண்டு அடிச்சிரப் போவுது. ஆளக் கூப்பிட்டுப் பாரு."

பார்க்கிறேன் என்றேன். மாரிச்செல்வி ரோட்டுக் குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு வந்து ஊற்றினாள். அவளை நான் துரத்தவில்லை, திட்டவில்லை. உள்ளே இருப்பவனின் வேலையாளுக்கு அவனைவிட நல்ல சோறு போடு என்பது ஜெனரல் கடைப்பிடித்த வழக்கம். எனக்குத் தெரிந்த மில் மேனேஜர் ஒருவரிடம் சொல்லி அவளுக்கு நல்ல வேலை வாங்கிக் கொடுத்தேன். வீட்டு வாசலுக்கே மில் வேன் வரும். அவளுக்கு ஆசைதான், ஆனால் தயங்கினாள்.

"அக்காவ விட்டுட்டு எப்படி சார் போறது? அவியளால ஒரு சொம்பு தூக்க முடியாதே."

"நான் பாத்துக்கிடுதேன். கூடப் பொறந்தவன் இருக்கேன்ல?" என்றேன். அவள் கண் கலங்கிக் கும்பிட்டாள். நல்லது செய்த திருப்தி எனக்கு இருந்தது.

பிறகு வேலி. அடிவாரத்தில் யானை இறங்குவது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தோப்பைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, ரோட்டுப் பக்கம் இரும்புக் கேட் வைத்துப் பூட்டினேன். போகிறவர் வருகிறவர் எல்லாரும் நல்ல காரியம் என்றுதான் சொன்னார்கள். பங்குனியில் ஒரு நாள் கோடைக் காற்று பலமாக அடித்தது. தென்னைமட்டை விழுந்து வீட்டுக்குப் போகிற கரண்டுக் கம்பி அறுந்தது. அதை நான் அறுக்கவில்லை. அறுந்த கம்பி என் தோப்புக்குள் கிடந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அக்காவிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு தடவைதான் ஃபோன் வந்தது. சார்ஜ் தீரப் போகிறது, லைன்மேனிடம் சொல், உடம்பைப் பார்த்துக்கொள் என்றாள். போலீசுக்கோ வேறு யாருக்குமோ அவள் ஃபோன் செய்யவில்லை. அந்தச் சார்ஜில் என்னைத்தான் கூப்பிட்டாள்.

வெளியில் இருப்பவர்களுக்குக் கோட்டைக்குள் எல்லாரும் சுகம் என்ற சேதி போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஜோ கேட்டபோது அத்தை இங்கே ராஜபாளையத்தில் என் கூடத்தான் இருக்கிறாள், தூங்குகிறாள் என்றேன். சபையில் கேட்டபோது கண் ஆபரேஷனுக்காகக் கோயம்புத்தூர் போயிருக்கிறாள் என்றேன். போதகர் அக்காவின் பெயரைச் சொல்லி எல்லாரையும் ஜெபிக்க வைத்தார். நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தோப்புக்கு வந்துவிடுவேன். மோட்டார் ரூம் நிழலில் நாற்காலி, ஃபிளாஸ்கில் டீ, மடியில் முதல் பாகம். அங்கிருந்து வீட்டு வாசல் நன்றாகத் தெரியும். அக்கா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வருவாள்.

"ஏலே தேவநேசா, காப்பி போட்டிருக்கேன். வெயில்ல உக்காந்திருக்கியே, உள்ள வா."

கொஞ்ச நாள் கழித்து, "காப்பி போடத் தண்ணி பத்தல. சும்மாவாவது வாயேன்" என்றாள். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. மோட்டாரைப் பழுதுபார்க்கத்தான் நான் தினமும் வெயிலில் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ரிப்பேர்காரன் ஏமாற்றுகிறான், வேறு ஆளைப் பார் என்று யோசனைகூடச் சொன்னாள். எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. முற்றுகை என்றால் உள்ளே இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும்.

நாய் மட்டும் வேலிக்கு அடியில் மண்ணைப் பறித்து வெளியே வந்தது. ரோட்டுக்கு ஓடியிருந்தால் அது குரைக்கிற குரைப்பில் யாராவது வந்திருப்பார்கள். அதற்கு என்னைத் தெரியும், கூப்பிட்டதும் வந்தது. காரில் ஏற்றி ராஜபாளையத்துக்குக் கொண்டுபோய்ப் பின்கட்டில் கட்டிப்போட்டேன். கறியும் சோறும் வைத்தேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த நாய்கள் ஒரு கைச் சோறுதான் தின்னும் என்று சொல்வார்களே, அது நிஜம். அப்படியே கிடந்து செத்தது. அந்த நாய்க்காக நான் உண்மையாகவே வருத்தப்பட்டேன்.

நாயைத் தேடிக் கூப்பிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோதுதான் அக்காவுக்கு விளங்கியது. என்னைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள், மடியில் இருந்த சிவப்புப் புத்தகத்தைப் பார்த்தாள்.

"ஏலே. இது பஞ்சாரமா?"

நான் தலையை ஆட்டினேன். அத்தனை வருடத்துக்கு முந்தியதை அவள் ஞாபகம் வைத்திருந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் கத்தவில்லை, என்னைச் சபிக்கவும் இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நல்ல எதிரி.

பெரிய வெள்ளி வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், அன்றைக்கு எங்கள் ஆராதனை மூன்று மணி நேரம் நடக்கும். ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைச் சபையார் ஏழு பேர் ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் பேசுவார்கள். எனக்கு இந்த வருடம் ஐந்தாவது வந்தது. அது தாகத்தைப் பற்றியது. நாக்கு எப்படி அண்ணத்தில் ஒட்டும், உதடு எப்படி வெடிக்கும், குரல் எப்படி முதலில் கெஞ்சிப் பிறகு அடங்கும் என்றெல்லாம் சொன்னேன். பெண்கள் பக்கத்தில் நிறையப் பேர் அழுதார்கள். இத்தனை வருடத்தில் ஐந்தாம் வார்த்தையை இவ்வளவு உணர்ந்து யாரும் பேசியதில்லை என்று போதகர் என் கையைப் பிடித்துச் சொன்னார். ஆராதனை முடிந்ததும் கஞ்சி குடித்துவிட்டுத் தோப்புக்குப் போனேன்.

ஈஸ்டர் கழிந்து ஒரு நாள் கொடி ஏறியது. அக்கா தன்னுடைய பழைய வெள்ளை யூனிஃபார்ம் சேலையை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். வாசற்படியில் துண்டு விரித்து அதன்மேல் இரண்டாம் பாகத்தை வைத்திருந்தாள். பக்கத்திலேயே கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாக்கர் சாய்ந்து கிடந்தது. எழுந்திருக்க முடியவில்லை போலிருக்கிறது.

"எடுத்துக்கோ, தேவநேசா. தனியாவே வாசிச்சுக்கோ. கிழிச்சாலும் கிழிச்சுக்கோ. ஒரு வாய் தண்ணி மட்டும் குடு."

குரல் சன்னமாகத்தான் வந்தது. ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நன்றாகக் கேட்டது. ஃபிளாஸ்க் என் கையில் இருந்தது. வால்வு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. உடம்பெல்லாம் எனக்குச் சிலிர்த்தது, சார். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை கண் முன்னால் நடக்கிறது. வெள்ளைக்கொடி, வாசல், நாற்காலி. கையை உயர்த்தினேன். யாரை நிறுத்துவதற்கு என்று கேட்காதீர்கள், அங்கே வேறு யாரும் இல்லை. உட்கார்ந்து காத்திருந்தேன்.

மறுநாளும் சேலை தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதே இடத்தில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் புத்தகத்தின்மேல் கையை வைத்துக் காட்டினாள். அது தந்திரமாக இருக்கலாம் என்று காத்திருந்தேன். அதற்கடுத்து வந்தபோது கை புத்தகத்தின்மேலேயே இருந்தது, ஆனால் அசையவில்லை.

எத்தனை நாள் அப்படிக் காத்திருந்தீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஜெனரல் எத்தனை நாள் காத்திருந்தார் என்பது முதல் பாகத்தில் இல்லையே, சார். எனக்கு எப்படித் தெரியும்? அது இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. அந்தப் பாகத்தை அவள்தான் வைத்திருந்தாள். ஜனவரியிலேயே என் கையில் கொடுத்திருந்தால் சரியான நாளில் நான் எழுந்து போயிருப்பேன். நியாயமாக யோசித்துப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

எனக்குப் போதும் என்று தோன்றிய நாளில் போனேன். முதலில் வால்வைத் திறந்து மோட்டாரைப் போட்டுவிட்டேன். பிடித்த கோட்டைக்குத் தண்ணீர் விடுவது மரபு. தொட்டி நிறைகிற சத்தம் கேட்டது. அக்காவின் கையைப் புத்தகத்திலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்தேன். உள்ளிருந்து நாற்காலி கொண்டுவந்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். தனியாக வாசிக்கக் கூடாது என்பது அப்பாவின் விருப்பம். அக்கா பக்கத்தில் இருக்கும்போதுதான் வாசித்தேன். அவர் சொன்னதை நான் மீறவில்லை.

இரண்டாம் பாகத்தின் முதல் அதிகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெனரல் மூன்றாம் நாள் கோட்டைக்குள் போகிறார். எதிர்ப்பதற்கு யாரும் இல்லை. கொடியை ஏற்றிய ஆள் கொடிக்கம்பத்தின் அடியிலேயே கிடக்கிறான். உள்வாசலில் ஒரு கிழவி காலிக் குடத்தை மடியில் வைத்தபடி செத்துக் கிடக்கிறாள். கொடி ஏறிய அன்றைக்கே போயிருந்தால் பாதிப் பேர் பிழைத்திருப்பார்கள் என்று படை வைத்தியர் சொல்கிறார். ஜெனரல் அந்தக் கிழவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுகிறார். வீரர்கள் எல்லாரும் பார்க்க அழுகிறார். அன்றைக்கே வாளைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். மிச்சம் இருக்கிற முந்நூறு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன், அத்தனையும் ஒரு கிழவன் தன் சொந்தப் பணத்தில் வறண்ட ஊர்களில் கிணறு வெட்டிக்கொண்டு அலைந்த கதை. சாகிறபோதும் முதல் கொடிக்கே நான் போயிருக்க வேண்டும் என்று புலம்பியபடிதான் செத்தாராம். அவர் ஊர் ஊராகப் பேர் வாங்கியதே அந்தக் கிணறுகளால்தான் என்று எழுதியிருக்கிறது. இப்படிப்பட்ட ஆளையா நான் ஐம்பது வருடம் மனதில் வைத்திருந்தேன்? எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு ஏமாற்றம்.

நன்றாக யோசித்தேன். ஜெனரல் அழுதிருக்கமாட்டார். முதல் பாகம் எழுதியவருக்கு இரண்டாம் பாகம் எழுதும்போது வயதாகி, புத்தி கலங்கியிருக்க வேண்டும். சரித்திரத்தில் இது நடக்கிறதுதான். அந்த அதிகாரத்தைக் கிழித்தேன். அக்கா வீட்டு அடுப்பில் போட்டுப் பற்றவைத்துக் காப்பி வைத்தேன். பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டேன். ஒன்றை அவள் பக்கத்தில் வைத்தேன்.

அந்த நேரத்தில்தான் மாரிச்செல்வி வந்தாள். சித்திரை ஒண்ணாம் தேதிக்கு மில்லில் லீவு விட்டிருந்தார்கள். அக்காவுக்குக் கொடுக்க வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். கேட் பூட்டியிருந்ததால் ஏறிக் குதித்திருக்கிறாள். வாசலில் வந்து நின்று அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"அடப் பாவி மனுசா! அவியளுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தியா?"

தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, போய்ப் பார் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. காப்பி டம்ளரைத் தட்டிவிட்டாள், அக்காவைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு மார்பில் அடித்துக்கொண்டாள். நல்ல வேலை வாங்கிக் கொடுத்தவனிடம் பேசுகிற பேச்சா அது என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

காளிராஜ், ஏன் நிறுத்திவிட்டாய்? பேனாவைக் கீழே வைக்காதே, சொல்லி முடித்துவிடுகிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுது.

இன்ஸ்பெக்டர் சார், உயிரோடு இருந்தவரை என் அக்காவை நான் விரல் நுனியால்கூடத் தொடவில்லை. அவள்மீது எனக்குக் கோபமும் இல்லை. என் கிணற்றை மூடினேன், என் தோப்புக்கு வேலி போட்டேன், என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கேட்டாள், கொடுக்கவில்லை, செத்தாள். இதை மூன்று தடவை கேட்டீர்கள், மூன்று தடவையும் இதையேதான் சொன்னேன். இதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தில் குற்றம் என்று ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள். நூற்றைம்பது வருடத்துப் புத்தகத்திலிருந்து ஒரு அதிகாரத்தைக் கிழித்து எரித்துவிட்டேன். வரலாறு நடத்தினவன் அதைச் செய்திருக்கக் கூடாது. அதை நினைத்தால் எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை.